கையில் ஒன்று, டிவிக்கு ஒன்று என்றிருந்த கேம் கன்சோல்கள் ஒன்றானது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் பாய் என்ற கையடக்கக் கருவி வந்த 1989 முதல் 2017 வரை ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோ இரண்டு வகைக் கருவிகளை விற்றுவந்தது. டிவியோடு இணைத்து ஆடுவது ஒன்று, பையில் போட்டு எடுத்துப்போவது இன்னொன்று. 2017 மார்ச் 3 அன்று வெளியான ஸ்விட்ச் அந்த இரண்டையும் ஒன்றாக்கியது. இது ஏன் நடந்தது, எப்படிச் சாத்தியமானது, இதனால் எதை இழந்தோம் என்று நண்பர்களும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி நின்டெண்டோவின் கதைதான். இந்த விஷயத்தில் கடைசி வரை போனது அந்த நிறுவனம்தான்.

கையில் இருப்பதை டிவியில் மாட்டினால் ஒருங்கிணைப்பு ஆகிவிடும், அவ்வளவுதானே?

இல்லை. அது வெளியே தெரியும் பகுதி மட்டும். சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியில், 2007இல் வந்த மாடலையே கேபிள் போட்டு டிவியில் மாட்ட முடியும். ஆனாலும் சோனியின் வீட்டுக் கன்சோலான பிளேஸ்டேஷன் 3இன் கேம் அதில் ஓடாது. சோனியின் உள்ளேயே இரண்டும் இரண்டு தனி உலகங்களாகத்தான் இருந்தன.

நான் ஒருங்கிணைப்பு என்று சொல்வது அடித்தளத்தை. ஒரே சிப், ஒரே இயங்குதளம், ஒரே டெவலப்மென்ட் கருவிகள், ஒரே கார்ட்ரிட்ஜ், ஒரே ஆன்லைன் கடை. கேம் உருவாக்குகிற குழு ஒரு தடவை செய்தால் போதும், அது கையிலும் ஓடும், டிவியிலும் ஓடும். ஆடுபவருக்குக் கிடைக்கும் வசதியை விட, உருவாக்குபவருக்கு மிச்சமாகும் உழைப்புதான் இதில் பெரிய விஷயம் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் ஏன் தனித்தனியாக வைத்திருந்தார்கள்?

வேறு வழி இல்லை. கேம் பாயின் திரை 160க்கு 144 புள்ளிகள், சாம்பல் பச்சையில் நான்கே சாயல்கள். நான்கு ஏஏ பேட்டரியில் பல மணி நேரம் ஓட வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். டிவிக்கான கருவிக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, சுவரில் பிளக் இருக்கிறது.

உருவாக்கிய குழுக்களும் வேறு. கேம் பாயைச் செய்தது குன்பெய் யோகோய் தலைமையிலான குழு. வீட்டுக் கன்சோலான ஃபேமிகாமைச் செய்தது மசாயுகி உயேமுராவின் குழு. இரண்டு கருவிகளின் பிராசஸரும் வெவ்வேறு வகை. ஒன்றுக்கு எழுதிய நிரல் இன்னொன்றுக்கு உதவாது. 1989இல் நின்டெண்டோ டெட்ரிஸை இரண்டு கருவிக்கும் வெளியிட்டது, இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டியிருந்தது. இந்தப் பிரிவு அப்படியே பழக்கமாகிவிட்டது. 2000களின் நடுவில் டிஎஸ் என்ற கையடக்கக் கருவியும் வீ என்ற வீட்டுக் கன்சோலும் வந்தபோது இடைவெளி இன்னும் பெரிதானது. டிஎஸ்ஸில் ஆர்ம் சிப்பும், தொடுதிரை உட்பட இரண்டு திரைகளும் இருந்தன. வீயில் பவர்பிசி சிப்பும், கையை வீசி ஆடும் ரிமோட்டும் இருந்தன.

அதனால் என்ன நஷ்டம்? இரண்டுமே நன்றாக விற்றனவே?

விற்றன. டிஎஸ் 15.4 கோடி, வீ 10 கோடிக்கு மேல். சிக்கல் அடுத்த தலைமுறையில் வந்தது.

2012ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஜூலையில் ஜப்பானில், டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸுக்கு ‘நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2’ வந்தது. நவம்பரில் வீ யூ என்ற புதிய வீட்டுக் கன்சோலுக்கு ‘நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் யூ’ வந்தது. ஒரே நிறுவனம், ஒரே கதாநாயகன், ஒரே பாணி, சில மாத இடைவெளி. ஆனால் இரண்டு தனித்தனி கேம்கள். 3டிஎஸ் வைத்திருந்தவருக்கு இரண்டாவது கிடைக்காது, வீ யூ வாங்கியவருக்கு முதலாவது கிடைக்காது. 2014இல் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸையும் இப்படித்தான் இரண்டு பதிப்புகளாகச் செய்தார்கள். ஒரே சண்டை வீரர்கள், வேறு அரங்கங்கள், இரட்டை வேலை.

அதற்குள் டிவி கேம்கள் எச்டி தரத்துக்கு மாறியிருந்தன. ஒரு மரத்தை வரையவும் ஒரு முகத்தை அசைக்கவும் முன்பை விட அதிக ஆட்கள் தேவைப்பட்டார்கள். 3டிஎஸ்ஸிலும் முப்பரிமாணக் காட்சி வந்ததால் அங்கேயும் வேலை கூடியது. இருந்த ஆட்களை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் பட்டினிதான். அதுதான் நடந்தது. 2011இல் 25,000 யென்னுக்கு வந்த 3டிஎஸ்ஸை, வந்து ஆறு மாதத்துக்குள் 15,000 யென்னுக்கு இறக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு 3டிஎஸ்ஸுக்கு நல்ல கேம்களாகக் கொட்டினார்கள், அது மீண்டது. வீ யூ மீளவில்லை. 2013இன் முதல் பாதியில் அதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான புது கேம் வருவதே அரிதாக இருந்தது. கடைசிக் கணக்கு: 3டிஎஸ் 7.59 கோடி, வீ யூ 1.36 கோடி.

வீ யூ தோற்றதற்குப் பெயர்க் குழப்பம், விளம்பரம் என்று பல காரணம் சொல்வார்கள். எனக்கு முதல் காரணம் இந்தக் கேம் பஞ்சம்தான். அதற்காகச் செய்யப்பட்ட நல்ல கேம்கள் பல பிற்பாடு ஸ்விட்சுக்கு வந்து பெரிய வெற்றி பெற்றன. மரியோ கார்ட் 8ஐப் பாருங்கள். வீ யூவில் 2014இல் வந்தது. கொஞ்சம் மெருகேற்றி 2017இல் ஸ்விட்சுக்குக் கொடுத்தார்கள். இன்று ஸ்விட்சில் மிக அதிகம் விற்ற கேம் அதுதான், 6 கோடிக்கு மேல். கேமில் குறை இருந்ததில்லை, அது மாட்டிக்கொண்ட பெட்டியில்தான் இருந்தது.

இணைக்கலாம் என்ற முடிவு யாருடையது?

சடோரு இவாட்டா. நின்டெண்டோவின் தலைவர் ஆவதற்கு முன்னால் ஹால் லேபரட்டரி என்ற கேம் நிறுவனத்தில் புரோகிராமராக இருந்தவர். ஒரு கருவியின் கேமை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது எவ்வளவு வலி என்பது அவருக்குச் சொந்த அனுபவம். கேம் பாயில் வந்த போக்கிமானின் சண்டையை வீட்டுக் கன்சோலான நின்டெண்டோ 64இல் ஓடவைக்க வேண்டி வந்தபோது, முறையான குறிப்பு எதுவும் இல்லாமல், மூல நிரலை மட்டும் வரி வரியாகப் படித்துப் புரிந்துகொண்டு சண்டை விதிகளை அந்தக் கருவிக்கு மாற்றி எழுதிக் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்ட ஒருவர் தலைமையில் இருந்ததால்தான் இந்த மாற்றம் நடந்தது என்று நினைக்கிறேன்.

2013இல் கையடக்கக் கருவிக்கான வன்பொருள் குழுவையும் வீட்டுக் கன்சோல் குழுவையும் ஒரே பிரிவாக இணைத்தார். 2014 ஜனவரி கடைசியில் முதலீட்டாளர்களிடம் பேசும்போது விளக்கமும் கொடுத்தார். ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் பல அளவுக் கருவிகளை ஒரே இயங்குதளத்தில் வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, இனி நம் கருவிகளும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளைப் போல இருக்க வேண்டும் என்றார். கவனிக்க வேண்டியது, ஒரே பெட்டியாக ஆக்கப்போகிறோம் என்று அவர் சொல்லவில்லை. வடிவங்கள் கூடவும் செய்யலாம், அடித்தளம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அவர் வாதம்.

2015 மார்ச்சில் ‘என்எக்ஸ்’ என்ற குறிப்புப் பெயரில் புதிய கருவி ஒன்று வருவதாக அறிவித்தார். அந்த ஜூலை 11ஆம் தேதி, 55 வயதில் காலமானார். தட்சுமி கிமிஷிமா தலைவரானார், 2016 அக்டோபர் 20 அன்று ஸ்விட்ச் உலகத்துக்குக் காட்டப்பட்டது. இவாட்டா அதைக் கடையில் பார்க்கவில்லை என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

டிவியோடு இணைக்கும் டாக்கில் ஸ்விட்சைச் செருகும்போது உள்ளே என்ன நடக்கிறது? டாக்கில் கூடுதல் சிப் இருக்கிறதா?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். இல்லை. முதல் ஸ்விட்சின் டாக் என்பது ஒரு பிளாஸ்டிக் கூடு. உள்ளே சின்னதாக ஒரு சர்க்யூட் போர்டு. கீழே இருக்கும் யூஎஸ்பி-சி முனை வழியாக மின்சாரத்தை உள்ளே அனுப்பும், வரும் படத்தை எச்டிஎம்ஐயாக மாற்றி டிவிக்குக் கொடுக்கும். கேமைக் கணக்குப் போடும் வேலை முழுக்க ஸ்விட்சுக்குள்ளேயேதான் நடக்கிறது.

மாறுவது வேகம். கையில் இருக்கும்போது கிராஃபிக்ஸ் பகுதி பெரும்பாலும் 307 அல்லது 384 மெகாஹெர்ட்ஸில் ஓடும். டாக்கில் வைத்தால் 768 வரை போகும். பேட்டரியைப் பற்றிக் கவலை இல்லை, ஃபேன் வேகமாகச் சுற்றி வெளியேற்றும் சூடும் யார் கையையும் சுடாது. அந்தக் கூடுதல் பலத்தில்தான் படம் பெரிதாகிறது. ஸ்விட்சோடு சேர்ந்து வந்த செல்டா கேம் கையில் 720பி (அதாவது படத்தின் உயரம் 720 புள்ளிகள்), டிவியில் 900பி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. பொதுவான வேலைகளைச் செய்யும் சிபியூவின் வேகத்தை இரண்டு நிலையிலும் 1020 மெகாஹெர்ட்ஸாகவே வைத்தார்கள். எதிரி எப்படி நகர வேண்டும், உருளும் பாறை எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் சிபியூவின் கணக்கு. அது கையிலும் டிவியிலும் வேறுபட்டால் கேமே வேறாகிவிடும். எனவே விளையாட்டைத் தொடாமல், படத்தின் தெளிவை மட்டும் ஏற்றி இறக்குகிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துச் செருகினாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு இந்த ஏற்பாடு பெரிய துணை.

இதற்கு முன் யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். என்இசி 1990இல் டர்போஎக்ஸ்பிரஸ் என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. வீட்டுக் கன்சோலில் போடும் அதே கார்டை இதிலும் போடலாம். யோசனை அருமை. ஆனால் டிவிக்காக எழுதிய எழுத்துகள் 2.6 அங்குலத் திரையில் படிக்கவே முடியாத அளவு சுருங்கின. ஆறு ஏஏ பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். விலையோ 250 டாலர்.

1995இல் செகா நோமாட் வந்தது. வட அமெரிக்காவில் மட்டும் விற்றார்கள். செகாவின் வீட்டுக் கன்சோலான ஜெனசிஸின் கார்ட்ரிட்ஜை அப்படியே போட்டு ஆடலாம், டிவியிலும் மாட்டலாம், இன்னொருவர் கன்ட்ரோலரும் செருகலாம். ஸ்விட்ச் செய்வதில் முக்கால்வாசியை அது 22 வருடத்துக்கு முன்பே செய்தது. பேட்டரி அதற்கும் எமன். தவிர, அது வந்த நேரத்தில் செகாவே சாட்டர்ன் என்ற அடுத்த தலைமுறைக் கன்சோலை விற்கத் தொடங்கிவிட்டது. வீடு மாறிய பிறகு பழைய விலாசத்துக்குச் சாவி கொடுத்த மாதிரி ஆனது.

நின்டெண்டோவும் எதிர்த் திசையில் முயன்றது. 1994இன் சூப்பர் கேம் பாய், 2003இன் கேம் பாய் பிளேயர் இரண்டும் கையடக்க கேமை டிவியில் காட்டும் இணைப்புக் கருவிகள். நல்ல வசதி. அடித்தளம் மட்டும் இரண்டாகவே இருந்தது.

அன்று முடியாதது 2017இல் எப்படி முடிந்தது?

செல்போனால். போனுக்காகவும் டேப்லட்டுக்காகவும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப்கள் வருடா வருடம் வளர்ந்தன. ஸ்விட்சில் இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1. அதே வகைச் சிப் 2015இல் கூகுளின் பிக்சல் சி டேப்லட்டிலும் இருந்தது, டிவியோடு இணைக்கும் என்விடியா ஷீல்டு பெட்டியிலும் இருந்தது. சிப் உலகத்தில் கைக்கும் டிவிக்கும் இடையிலான கோடு அழியத் தொடங்கியிருந்தது.

இணைத்தது வெற்றியா?

ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. முந்தைய தலைமுறையின் இரண்டு கருவிகளையும் கூட்டினாலும் 8.95 கோடிதான். ஆனால் நியாயமாகப் பேசினால், டிஎஸ்ஸையும் வீயையும் கூட்டினால் 25 கோடியைத் தாண்டும். பெட்டிகளை மட்டும் எண்ணினால் ஒன்று என்பது இரண்டை விடக் குறைவுதான்.

என் அளவுகோல் வேறு. போக்கிமானின் பிரதான வரிசை 1996 முதல் கையடக்கக் கருவிகளிலேயே இருந்தது. டிவி வைத்திருந்தவர்கள் அதைப் பெரிய திரையில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019இல் ‘ஸ்வோர்டு’, ‘ஷீல்டு’ வந்தபோது அந்தக் கேள்விக்கே இடம் இல்லாமல் போனது. செல்டா, மரியோ, போக்கிமான், அனிமல் கிராஸிங், ஃபயர் எம்ப்ளம் எல்லாம் ஒரே கருவிக்கு வந்தன. வீ யூ காலத்துப் பஞ்சம் திரும்பவில்லை. சின்னக் குழுக்களின் கேம்கள் வந்து குவிந்ததற்கும் இதே காரணம்தான். நான்கு பேர் சேர்ந்து கேம் செய்யும் குழு, கைக்கு ஒன்று டிவிக்கு ஒன்று என்று இரண்டு தடவை செய்ய முடியாது.

சரி, எதை இழந்தோம்?

நிறைய. முதலில் சட்டைப் பை. 3டிஎஸ்ஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், மூடியிருந்தால் திரையில் கீறல் விழாது. ஸ்விட்சுக்கு உறை வேண்டும், பை வேண்டும்.

இரண்டாவது, இரட்டைத் திரை. மேலே சண்டை, கீழே வரைபடம் என்று டிஎஸ்ஸுக்காகவே சிந்திக்கப்பட்ட கேம்கள் ஒரு தனிக் கலையாக இருந்தன. எல்லா கேமும் டிவியிலும் ஓட வேண்டும் என்ற விதி வந்தவுடன் அந்தக் கலைக்கு இடமில்லை. எதிரே 3டிஎஸ்ஸோடு நடந்து போகிறவரின் கருவியோடு தானாகவே பேசிக்கொள்ளும் ஸ்ட்ரீட்பாஸ் வசதியும் போய்விட்டது. ஜப்பானிய ரயில்களில் அது எவ்வளவு சந்தோஷம் தந்தது என்று ஆடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாவது, பலம். பேட்டரியில் ஓட வேண்டும் என்பதால் டிவி கன்சோலின் உச்சவரம்பையும் கையடக்கம்தான் முடிவு செய்கிறது. ‘விட்சர் 3’ 2019இல் ஸ்விட்சுக்கு வந்தது ஒரு சாதனை. ஆனால் கையில் ஆடும்போது அதன் தெளிவு 540பிக்கு இறங்கும், தூரத்து மரங்கள் மங்கலாகத் தெரியும்.

நான்காவது, விலை. பத்து வயதுப் பிள்ளைக்கென்று மலிவாக ஒரு கருவி என்ற வகையே ஒடுங்கிவிட்டது. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட வருத்தம்.

ஸ்விட்ச் லைட் அதற்காக வந்ததுதானே?

ஆமாம், 2019 செப்டம்பரில் 200 டாலருக்கு வந்தது. இவாட்டா சொன்ன அண்ணன் தம்பிக் கணக்கு அதில்தான் நிஜமாகத் தெரிந்தது: அதே கேம், வேறு உடல். ஆனால் அதை டிவியில் மாட்ட முடியாது, கன்ட்ரோலரைக் கழற்றவும் முடியாது. ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’ போன்ற கேமுக்கு, மற்ற ஸ்விட்சோடு வரும் கழற்றக்கூடிய கன்ட்ரோலரான ஜாய்-கானைத் தனியாக வாங்க வேண்டும். ஸ்டிக் தானாக நகரும் கோளாறு வந்தால், மற்ற ஸ்விட்சில் கன்ட்ரோலரை மட்டும் மாற்றினால் போதும், லைட்டில் முழுக் கருவியையும் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும். பிள்ளை முரட்டுத்தனமாக ஆடுகிறவன் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சோனி, மைக்ரோசாஃப்ட் ஏன் இப்படிச் செய்யவில்லை?

அவர்களின் வீட்டுக் கன்சோல்கள் 200 வாட் அளவுக்கு மின்சாரம் இழுப்பவை. அதைக் கைக்குள் அடக்க முடியாது. சோனி 2023இல் விற்ற பிளேஸ்டேஷன் போர்ட்டல், கேமைத் தானே ஓட்டும் கருவி அல்ல. வீட்டில் இருக்கும் பிளேஸ்டேஷன் 5இலிருந்து வைஃபை வழியாகப் படத்தை வாங்கிக் காட்டவே அதைச் செய்தார்கள்.

உண்மையான போட்டி கணினிப் பக்கத்திலிருந்து வந்தது. ஸ்டீம் என்ற கணினி கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வந்தது. கணினி கேம்களுக்கு ஏற்கெனவே ஒரே அடித்தளம் இருந்தது, வால்வ் அதற்குக் கையடக்க உடல் கொடுத்தது. ஆனால் ஸ்டீம் டெக்கை டாக்கில் வைத்தால் வேகம் கூடாது. ஸ்விட்ச் கேம் இரண்டு நிலைகளுக்கும் அளவெடுத்துச் செய்யப்படுகிறது, இங்கே அந்த வேலை பெரும்பாலும் ஆடுபவர் தலையில் விழுகிறது. செட்டிங்ஸில் கைவைக்கப் பிடிக்கும் என்பவர்களுக்கு அது சொர்க்கம். அப்பா டிவியைப் போட்டவுடன் ஓட வேண்டும் என்றால் ஸ்விட்ச்தான்.

ஸ்விட்ச் 2இல் என்ன மாறியது?

யோசனை மாறவில்லை. அதுவே பெரிய செய்தி, ஏனென்றால் நின்டெண்டோ ஒவ்வொரு தலைமுறையிலும் எல்லாவற்றையும் கலைத்துப் போடும் பழக்கம் உடையது. 2025 ஜூன் 5 அன்று வந்தது, அப்போது அமெரிக்க விலை 450 டாலர். முதல் நான்கு நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. 7.9 அங்குலத் திரை, கையிலேயே 1080பி, டாக்கில் 4கே வரை. டாக்கிலும் ஒரு ஃபேன் வைத்திருக்கிறார்கள். பழைய ஸ்விட்ச் கேம்கள் பெரும்பாலும் அப்படியே ஓடுகின்றன. அடித்தளம் ஒன்றாக இருப்பதன் பலன் இப்படித் தலைமுறை தாண்டியும் வருகிறது.

எனக்குப் பிடிக்காத ஒன்று, கேம்-கீ கார்டு. கடையில் கார்டு வாங்குவீர்கள், உள்ளே கேம் இருக்காது. இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும், ஆடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். பயணத்துக்காகவே செய்த கருவிக்கு இது அழகல்ல.

இந்தியாவில் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நின்டெண்டோ இங்கே நேரடியாக விற்பதில்லை. கடைகளில் இருப்பது இறக்குமதிச் சரக்கு, வாரன்டி என்று சொன்னால் அது கடைக்காரரின் வாரன்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல செய்தி, 3டிஎஸ்ஸில் இருந்த நாட்டுப் பூட்டு ஸ்விட்சில் இல்லை. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வாங்கிவந்த கேம் கார்டும், துபாயில் வாங்கியதும் உங்கள் கருவியில் ஓடும். ஒன்றில் மட்டும் உஷார்: ஜப்பானில் ஸ்விட்ச் 2 இரண்டு வகையாக விற்கிறது. 2025இல் வந்தபோது 49,980 யென் விலை வைத்த வகை ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது, ஜப்பான் கணக்கைத்தான் ஏற்கும். மலிவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவரச் சொல்லாதீர்கள். பல மொழி வகையின் விலை அப்போது 69,980 யென்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒரு ஸ்விட்ச் போதுமா?

டிவியில் சேர்ந்து ஆட ஒன்று போதும். ஜாய்-கான் இரண்டையும் பிரித்தால் ஆளுக்கொரு கன்ட்ரோலர் ஆகிவிடும். சண்டை வருவது மூத்தவள் அதை ஊருக்கு எடுத்துப்போகும் நாளில். முன்பு கையடக்கம் ஒருவருடையது, டிவி கன்சோல் எல்லோருடையது. இப்போது இரண்டும் ஒன்று என்பதால், அவள் பையில் அது போனால் டிவிக்கும் ஒன்றும் இல்லை.

இரண்டாவது கருவி வாங்குவதாக இருந்தால் பழைய ஸ்விட்ச் லைட்டே போதும், ஆனால் ஸ்விட்ச் 2க்கென்று வந்த கேம்கள் அதில் ஓடாது. டிஜிட்டலாக வாங்கிய கேம்களை இரண்டு தடவை வாங்கத் தேவையில்லை. 2025இல் வந்த விர்ச்சுவல் கேம் கார்டு முறையில், ஒரே குடும்பக் குழுவில் இருக்கும் இன்னொருவருக்கு இரண்டு வாரம் வரை கடன் கொடுக்கலாம், நாள் முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும். கடன் கொடுக்கும்போது இரண்டு கருவிகளும் பக்கத்தில் இருக்க வேண்டும், எனவே பஸ் ஏறுவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.